எங்கே என்று கேட்டவர்: ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்



நம் மாநிலத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சின்னஞ்சிறு குருவி இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் லோன்சுரா மலாக்கா. கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, காவி நிற முதுகு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருவம். தமிழில் இதைக் கருந்தலைச் சில்லை என்பார்கள். பெயரைக் கேட்டதும் இது நம் ஊர்க் குருவி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இதன் தாயகம் இந்தியாவும் இலங்கையும். மலாக்காவில் வாழ்வது இதன் நெருங்கிய உறவான வேறோர் இனம். அதற்கும் தலை கறுப்புதான், ஆனால் வெள்ளை வயிறு கிடையாது.

தமிழ்நாட்டுக் குருவிக்கு மலாக்காவின் பெயர் எப்படி வந்தது? 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டினார். அந்தக் காலத்தில் பதம்செய்த பறவைத் தோல்கள் துறைமுகம் துறைமுகமாகக் கைமாறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. பறவையின் அழகை எல்லாரும் பார்த்தார்கள். அது எங்கே பிடிபட்டது என்பதைக் கவனமாக எழுதி வைத்தவர்கள் குறைவு. ஊர் மாறிப்போன பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

ஒரு பறவை எங்கே வாழ்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமா? பெரிய விஷயம்தான் என்று உலகுக்குக் காட்டிய ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். பரிணாமக் கொள்கையை டார்வினுக்குத் துணையாக உலகுக்குத் தந்தவர். 1854ஆம் ஆண்டில் நம் ஜாசின் மாவட்டத்து மண்ணில் நடந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பள்ளியை விட்ட சிறுவன்

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாமவர். தந்தை போட்ட முதலீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வீட்டில் வறுமை நுழைந்தது. கடைசி ஆண்டில் பள்ளிக் கட்டணத்துக்கு ஈடாக, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாலஸே பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கூடப் படிப்பவர்கள் பார்க்க அப்படி நிற்பது அந்த வயதில் எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! 14 வயதளவிலேயே பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் வாசலை மாணவராக அவர் மிதித்ததே இல்லை.

அண்ணனோடு சேர்ந்து நில அளவை வேலைக்குப் போனார். சங்கிலி பிடித்து வயலையும் மேட்டையும் அளக்கும் வேலை. அளந்துகொண்டே போகும்போது காலடியில் கிடந்த செடிகளின் பெயர் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மலிவான தாவர நூல் ஒன்றை வாங்கித் தானே படித்தார். பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராக வேலை பார்த்தபோது நூலகத்தில் ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞர் நண்பரானார். அவர் வண்டு சேகரிப்பவர். அந்த நட்புதான் வாலஸின் வாழ்க்கையைத் திருப்பியது.

எரிந்துபோன நான்கு ஆண்டுகள்

1848இல் இரு நண்பர்களும் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். கையில் பெரிய பணம் இல்லை. பறவை, பூச்சி மாதிரிகளைச் சேகரித்து லண்டனில் இருந்த சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவருக்கு அனுப்பினால், அவர் விற்றுப் பணம் அனுப்புவார். அந்தப் பணத்தில்தான் சாப்பாடு, அந்தப் பணத்தில்தான் ஆராய்ச்சி. உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சள் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார்.

1852இல் வாலஸ் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. அவர் தம்மோடு கொண்டுவந்த சேகரிப்புகளும் குறிப்பேடுகளும் பெரும்பாலும் கண்முன்னே எரிந்தன. ஒரு தகரப் பெட்டியில் இருந்த சில ஓவியங்கள் மட்டும் மிஞ்சின. திறந்த படகில் பத்து நாள் மிதந்த பிறகே வேறொரு கப்பல் வந்து காப்பாற்றியது. முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு செய்து வைத்திருந்த காப்புறுதியில் 200 பவுன் கிடைத்தது. இல்லாவிட்டால் நடுத்தெருவில் நின்றிருப்பார்.

அந்த நிலையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. நினைவில் இருந்ததையும் மிஞ்சியதையும் வைத்து எழுதினார். அமேசான் குரங்குகளைப் பற்றி அதே ஆண்டில் அவர் படித்த கட்டுரையில் ஒரு முக்கியமான குறை சொன்னார். சேகரிப்பவர்கள் ஒரு விலங்கு கிடைத்த இடத்தைச் சரியாக எழுதுவதில்லை. அமேசான் என்று மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆற்றின் இந்தக் கரையில் வாழும் குரங்கு அந்தக் கரையில் இல்லை. எந்தக் கரை என்று எழுதாவிட்டால் உண்மையே தொலைந்துவிடும் என்றார். நில அளவைக்காரனின் கண் அது. எல்லைக்கோடு எங்கே போகிறது என்று பார்த்துப் பழகிய கண்.

மலாக்காவில் இரண்டு மாதம்

1854 ஏப்ரலில் வாலஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். ஜூலையில் மலாக்கா வந்தார். இங்கே இரண்டு போர்த்துகீசிய வம்சாவளிப் பணியாளர்களை அமர்த்திக்கொண்டார். ஒருவர் சமையலுக்கு. மற்றவர் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பதம்செய்ய. பறவைத் தோல் பதம்செய்வது அன்றைய மலாக்காவில் ஒரு தொழிலாகவே நடந்தது. நம் ஊர்ப் பெயர் உலகமெங்கும் பறவைகளின் மேல் ஒட்டிக்கொண்டது வியப்பில்லை.

முதலில் நகரிலிருந்து 13 மைல் தொலைவில் இருந்த காடிங் என்ற கிராமத்தில் தங்கினார். பக்கத்தில் சீனர்களின் ஈயச் சுரங்கங்கள். காட்டில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. நீல அலகும் சிவப்பு வயிறும் கொண்ட அகலவாய்ப் பறவை, பச்சைக் குக்குறுவான், மரங்கொத்தி, மீன்கொத்தி என்று நாள்தோறும் புதிது புதிதாகக் கிடைத்தன. இரண்டு வாரத்தில் அவருக்கும் பணியாளர்களுக்கும் காய்ச்சல் கண்டது. நகருக்குத் திரும்பிக் கொய்னா மருந்து சாப்பிட்டுத் தேறினார்.

பிறகு நம் ஜாசின் மாவட்டத்தின் ஆயர் பானாஸ். அங்கிருந்து லேடாங் மலை. ஆறு மலாய்க்காரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அட்டை கடிக்கும் காட்டுப் பாதையில் ஏறினார். மலை மேல் தாகம் எடுத்தபோது தண்ணீர் இல்லை. அங்கே வளர்ந்திருந்த குடுவைத் தாவரங்களின் குடுவைக்குள் நின்ற தண்ணீரில் பூச்சிகள் மிதந்தன. அதையே குடித்துத் தாகம் தணித்துக்கொண்டார்கள். கண்கண்ணாக இறகு கொண்ட ஆர்கஸ் கோழியின் குரலைக் காட்டில் கேட்டார். ஒன்றைச் சுட்டுத் தரும்படி முதிய வேட்டைக்காரர் ஒருவரிடம் கேட்டார். இருபது ஆண்டாகக் காட்டில் பறவை சுட்டும் அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார். யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் தடயங்களையும் வாலஸ் அந்த மலைப் பக்கத்தில் கண்டார்.

நான் பிறந்து வளர்ந்தது செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வானம் தெளிந்த காலைகளில் லேடாங் மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வாலஸ் பார்த்த காடு போன இடத்தில்தான் நாம் பிறந்தோம். அவர் வந்துபோய் 42 ஆண்டு கழித்து, 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. காடு அழிந்து பால்மரமாயிற்று, பால்மரம் அழிந்து செம்பனையாயிற்று. அந்த வேலைக்குக் கப்பல் ஏறி வந்தவர்களில் நம் தாத்தா பாட்டிமார்களும் உண்டு. அவர்கள் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று யார் நமக்குச் சொல்வது? 1854இல் எழுதப்பட்ட சிறு சீட்டுகள்தான் சொல்கின்றன.

பாலியும் லொம்போக்கும்

1855இல் சரவாக்கில் தங்கியிருந்தபோது வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் உயிரினமும் தனக்கு மிக நெருங்கிய உறவான இன்னோர் உயிரினம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். நாம் முதலில் பார்த்த இரண்டு சில்லைகளை இப்போது நினைத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வயிறு, இந்தப் பக்கம் காவி வயிறு. மற்றபடி அண்ணன் தம்பி போல ஒரே சாயல். நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனமாகவே கணக்கு வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வாழும் இனங்கள் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அல்ல, அவற்றுக்கு மூதாதை ஒன்று என்பதை நோக்கித்தான் வாலஸ் போய்க்கொண்டிருந்தார்.

1856இல் பாலித் தீவில் இறங்கினார். கடற்கரை மரங்களில் புட்டி வடிவக் கூடுகள் டசன் கணக்கில் தொங்கின. மஞ்சள் தலைத் தூக்கணாங்குருவியின் கூடுகள். தூக்கணாங்குருவிகள் சில்லைகளுக்கு நெருங்கிய உறவுக் குடும்பம். அவர் பார்த்த அந்த இனம் மேற்கே ஜாவாவிலும் வாழ்வது. பிறகு ஒரு குறுகிய நீரிணையைக் கடந்து பக்கத்துத் தீவான லொம்போக் போனார். அங்கே வேறோர் உலகம் விரிந்தது. வெள்ளைக் காக்கட்டூ கிளிகள், தேனுண்ணிகள், மேடு கட்டி முட்டையைப் புதைத்து வைக்கும் பறவைகள். எல்லாம் ஆஸ்திரேலியப் பக்கத்துச் சொந்தங்கள்.

தட்பவெப்பம் ஒன்று, மண் ஒன்று, தூரமும் அதிகமில்லை. பறவைகள் மட்டும் ஏன் மாறின? விடை கடலுக்கு அடியில் இருந்தது. நம் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியவற்றுக்கு இடையே கடல் ஆழம் குறைவு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இவை ஒரே நிலமாக இருந்தன. பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையிலோ கடல் மிக ஆழம், நிலப்பாலம் உண்டாகவில்லை. இந்த எல்லைதான் இன்று உலகப் பாடநூல்களில் வாலஸ் கோடு என்று அழைக்கப்படுகிறது.

கோடு என்பதால் அதைச் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. சிறகுள்ள சில குடும்பங்கள் தாண்டியிருக்கின்றன. சில்லைக் குடும்பமே அதற்குச் சான்று. சுமார் 140 இனங்கள் உள்ள இந்தக் குடும்பம் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று பரவியிருக்கிறது. கடைகளில் கூண்டில் விற்கும் ஸீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியப் பக்கத்துச் சில்லை. ஆப்பிரிக்க மழைக்காட்டில் விதையை விட்டுவிட்டு எறும்பைத் தின்று வாழப் பழகிய சில்லைகள்கூட உண்டு. நம் நாட்டுக் காட்டோரங்களில் மூங்கில் பூத்து விதைக்கும் இடங்களைத் தேடி அலையும் பச்சை உடல் சில்லை ஒன்று இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் இயற்கையாக ஒரு சில்லைகூட இல்லை. ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை என்ற இந்தக் கேள்வியை உலகத்து விலங்குகள் எல்லாவற்றுக்கும் கேட்டு, 1876இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வாலஸ் நூல் எழுதினார். உயிரினப் பரவலியல் என்ற துறைக்கு அது அடித்தளம் ஆயிற்று.

காய்ச்சலில் கிடைத்த விடை

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலுக்குத் தீவுகளில் வாலஸ் மலேரியாக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். குளிரும் சூடும் மாறி மாறி வந்த நேரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் படித்த மால்தஸின் மக்கள்தொகை நூல் நினைவுக்கு வந்தது. பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் இனமே மாறிவிடும். காய்ச்சல் தணிந்ததும் எழுதி முடித்து, இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார்.

டார்வின் அதிர்ந்துபோனார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அவர் வெளியிடாமல் வைத்திருந்த அதே கருத்து! நண்பர்களின் ஏற்பாட்டில் இருவர் எழுத்துகளும் 1858 ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. வாலஸை முன்கூட்டிக் கேட்க வழியில்லை. அவர் அப்போது நியூகினித் தீவில் இருந்தார். அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வந்தது, புகழ் பெரும்பாலும் அவருக்கே போனது. வாலஸ் ஒருநாளும் பொறாமைப்படவில்லை. தம் பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். 1889இல் பரிணாமம் பற்றித் தாமே எழுதிய நூலுக்கும் டார்வினியம் என்றுதான் பெயர் வைத்தார்.

1862இல் அவர் ஊர் திரும்பியபோது எட்டு ஆண்டுகளில் 14,000 மைல் பயணம் செய்திருந்தார். சேகரித்த மாதிரிகள் 125,660. அவற்றில் பறவைகள் 8,050. இது ஒருவர் உழைப்பு அல்ல. சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் பல ஆண்டு கூடவே இருந்து பறவைகளைச் சேகரித்தார். வாலஸின் பெயரைத் தாங்கிய சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்து காட்டியவரும் அலிதான். மலாக்காவில் தோல் பதம்செய்த அந்தப் பணியாளரின் பெயரோ வரலாற்றில் பதியவில்லை.

கூடும் நிறமும்

1868இல் வாலஸ் பறவைக் கூடுகளைப் பற்றி எழுதினார். திறந்த கூட்டில் அடைகாக்கும் பெண் பறவை பெரும்பாலும் மங்கிய நிறத்தில் இருக்கிறது. பொந்திலோ மூடிய கூட்டிலோ அடைகாத்தால் பெண்ணும் ஆணைப் போலவே பளிச்சென்று இருக்கலாம், எதிரியின் கண்ணுக்குத் தெரியாது. நிறம் என்பது அலங்காரம் மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும்கூட என்பது அவர் வாதம். டார்வின் இதை முழுமையாக ஏற்கவில்லை. இருவரும் கடிதம் கடிதமாக வாதாடினார்கள், நட்பு மட்டும் குறையவில்லை.

நம் சாலையோரப் புல்லில் கூட்டமாக வந்து விதை தின்னும் பிப்பிட் குருவிகளைப் பாருங்கள். வெள்ளைத் தலைச் சில்லையும், மார்பில் செதில் செதிலாகப் புள்ளி போட்ட புள்ளிச் சில்லையும் இவைதான். புள்ளிச் சில்லையின் எடை 12 முதல் 16 கிராம், நீளம் 12 செண்டிமீட்டருக்குள். ஆண் எது, பெண் எது என்று நிறத்தை வைத்துச் சொல்வது கடினம். புல்லை வளைத்துப் பந்து போலக் கட்டி, பக்கத்தில் வாசல் வைத்த மூடிய கூடு. உள்ளே வெள்ளை முட்டைகள். குஞ்சு வாய் திறந்தால் அண்ணத்தில் அழகான கோலம் போட்டது போன்ற குறிகள் இருக்கும். சில்லைக் குடும்பத்தின் தனி அடையாளம் அது. வாலஸ் கேட்ட கேள்விகளை எல்லாம் நம் வீட்டு வேலியோரத்தில் வைத்தே கேட்டுப் பார்க்கலாம்.

பிப்பிட்டாகப் பிறந்தவர்

மலாய் மொழியில் ஒரு பழமொழி உண்டு. எங்காங் பறவை எங்காங்கோடும், பிப்பிட் குருவி பிப்பிட்டோடும்தான் சேரும் என்பது அதன் பொருள். பெரியவர் பெரியவரோடு, எளியவர் எளியவரோடு என்று சொல்ல அதைப் பயன்படுத்துவார்கள். வாலஸ் பிப்பிட்டாகப் பிறந்தவர். அந்தக் காலத்து அறிவியல் சங்கங்களில் சொத்தும் பட்டமும் உள்ள எங்காங்குகள் நிறைய. அவர்கள் நடுவே 14 வயதில் பள்ளியை விட்டவர் தம் உழைப்பால் போய் அமர்ந்தார். ஆனாலும் வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. நூல் எழுதியும் தேர்வுத் தாள் திருத்தியும் குடும்பத்தைக் காப்பாற்றினார். டார்வினும் நண்பர்களும் முயன்றதால் 1881 முதல் ஆண்டுக்கு 200 பவுன் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆவிகளோடு பேசலாம் என்று நம்பினார். அம்மைத் தடுப்பூசியை எதிர்த்தார். அவற்றில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. காட்டில் அவ்வளவு கவனமாகச் சான்று தேடியவரே வேறு இடத்தில் சறுக்கினார் என்பதும் நாம் படிக்க வேண்டிய பாடம்தான். 1908இல் பிரிட்டனின் உயரிய ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்றார். 1913 நவம்பர் 7ஆம் நாள், 90ஆம் வயதில் மறைந்தார்.

அவர் சேகரித்த பறவைகள் பல இன்றும் இங்கிலாந்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. நிறம் மங்கினாலும் காலில் கட்டிய சீட்டு பேசுகிறது. எந்தப் பறவை, எந்த ஊர். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் இறகு. சீட்டு இருப்பதால்தான், இந்த மண்ணில் காடு நின்றதும் அதில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதும் நமக்குத் தெரிகிறது.

மாணவர்களே, இன்று துப்பாக்கியும் வேண்டாம், வலையும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பள்ளி வேலிப் புல்லில், கால்வாய் ஓரத்தில், செம்பனை நிரையில் ஒரு சில்லைக் கூட்டத்தைக் கண்டால் நின்று பாருங்கள். தலை வெள்ளையா, கறுப்பா? கறுப்பானால் வயிறு என்ன நிறம்? எத்தனை குருவிகள், என்ன புல்லின் விதையைத் தின்றன? தேதி போடுங்கள். பிறகு மறக்காமல் இடத்தை எழுதுங்கள். மலாக்கா என்று மொத்தமாக எழுதாதீர்கள். செலண்டார் என்று எழுதுங்கள். எந்தச் சாலை, எந்தத் தோட்டம் என்றும் எழுதுங்கள். நூறு ஆண்டு கழித்து அதைத் தேடி ஒருவர் வரக்கூடும்.